நடுக்கம்பி

ஜனவரி 4, ஞாயிறு

இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

என் சகலை குபேந்திரன் விஷயத்தில் கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தில், மூத்த மாப்பிள்ளையான என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இளைய மாப்பிள்ளையான அவன் மாமனாரை ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டான். சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. அப்போதும் பேசவில்லை. இன்றைக்கு அவன் என் வீட்டுக்குள் வந்து எனக்கே மின்சாரம் கற்றுக்கொடுத்தான். நேரில் பேசினால் என் மனைவி மங்கை வருத்தப்படுவாள். ஆகவே எழுதுகிறேன்.

பாதி ஆயுளை வாடகை வீடுகளில் கழித்துவிட்டு, இந்த நியூ ஜெர்சியில் போன மாதம்தான் சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம். புதிதாகக் கட்டியது. கிரகப்பிரவேசப் பரிசு என்று சொல்லிக் குபேந்திரன் தன்னுடைய பழைய டிரையரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். துணி உலர்த்தும் இயந்திரம். இந்தக் குளிரில் அது இல்லாமல் ஒரு பனியன்கூடக் காயாது. இறக்கி வைத்துப் பார்த்தால், அதன் ஒயர் முனையில் மூன்று கால்கள். எங்கள் புதுச் சுவரில் நான்கு துளைகள்.

"பழைய வீடுங்கள்ல எல்லாம் மூணுதான் சகல" என்றான். "இப்ப சட்டம் மாறி நாலாயிடுச்சு. நாலு கால் ஒயர் வாங்கி மாத்திட்டாப் போதும். ஒண்ணு மட்டும் கவனிங்க. இந்த மூணுல நடுவுல இருக்கே, அது எர்த் இல்ல. நியூட்ரல்."

நான் சிரித்தேன். "மூணு கால் ப்ளக்குல மூணாவது எர்த். நம்ம ஊர்ல பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"நம்ம ஊர்ல ஆமா. இங்க இல்ல. நான் வீடியோ பாத்தேன்."

வீடியோ! நான் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். காலக்கொடுமையால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன் என்றாலும் படித்தது படித்ததுதான். அவன் வீடு விற்றுக் கொடுக்கும் தரகன். சொட்டுத் தண்ணி வராது என்று அவன் சத்தியம் செய்து விற்ற ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாத்து நீந்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

"ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போடுங்க" என்றாள் மங்கை. "எது சரியோ அத மாட்டுங்க. துணியெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

ஜனவரி 5, திங்கள்

வீடியோவை அனுப்பிவிட்டான். பார்க்கவில்லை.

ஜனவரி 7, புதன்

வீடு முழுவதும் ஈரத்துணி. நாற்காலி முதுகில், மாடிப்படிக் கைப்பிடியில், என் கணினித் திரையின் மேல். அலுவலகக் கூட்டத்தில் என் மேலாளன், என் பின்னால் தொங்குவது என்ன என்று கேட்டான். பாவாடை என்பதற்கு ஆங்கிலத்தில் மரியாதையான சொல் உடனே வரவில்லை.

மங்கை தன் சுங்குடிச் சேலையைப் பால்கனியில் காயப்போட்டாள். மாலைக்குள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து மின்னஞ்சல். அனுமதியில்லாத கொடி ஏற்றப்பட்டிருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். எந்த நாட்டுக் கொடி என்பதையும் தெரிவிக்க வேண்டுமாம்.

"ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்களேன்" என்றாள்.

"கூப்பிட்டா அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்."

"எவன்? எலக்ட்ரீஷியனா?"

நான் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். சேலை நிஜமாகவே ஏதோ ஒரு நாட்டின் கொடியைப் போலத்தான் விறைத்து நின்றது. பனி.

ஜனவரி 10, சனி

வெற்றி.

காலையில் கடைக்குப் போய் நான்கு கால் ஒயர் வாங்கினேன். பிரித்தால் உள்ளே கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று நான்கு கம்பிகள். டிரையரின் பின்மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, அதையே தட்டாக்கித் திருகுகளைப் போட்டுக்கொண்டேன். உள்ளே மூன்று முனைகள். ஓரத்து இரண்டிலும் மின்சாரம் வருகிறது. அதில் எனக்கும் குபேந்திரனுக்கும் தகராறு இல்லை. கறுப்பையும் சிவப்பையும் அவற்றில் மாட்டினேன். நடுவில் இருப்பது எர்த். எர்த் என்றால் பச்சை. பச்சையை நடுவில் மாட்டினேன்.

வெள்ளைக் கம்பி மிஞ்சியது. மிஞ்சத்தான் செய்யும். மூன்று போதும் என்கிற இடத்தில் நான்கு வைப்பதுதான் இந்த நாட்டின் வியாபாரம். அதன் முனையில் டேப்பைச் சுற்றி உள்ளேயே சுருட்டி வைத்தேன். நடு முனைக்கும் டிரையரின் உடம்புக்கும் நடுவே ஒரு சிறு செப்புப் பட்டை இருந்தது. காரணமில்லாமலா வைத்திருப்பார்கள்? தொடவில்லை. திருகுகளை மிதமாக முடுக்கினேன். ரொம்பவும் இறுக்கினால் கம்பி நசுங்கும்.

பொத்தானை அழுத்தியதும் சுற்றியது. சூடும் வந்தது. மங்கை கை தட்டினாள். வீட்டின் முதல் உலர்ந்த துண்டை நான் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நம் தமிழ்ச் சங்கத்தின் மாத இதழான பனிமலருக்கு, டிரையர் ஒயரை மாட்டும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்தேன். தலைப்பு: 'நடுவில் நிற்பது நொதுமல் அன்று'. நடு முனையில் மாட்டுவதற்கு நடுக்கம்பி என்று பெயர் வைத்தேன். எர்த் என்று எல்லாரும் சொல்வதை நான் நிலக்கம்பி என்பேன். நியூட்ரலுக்கு நம்மிடம் நொதுமல் என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது. பகையும் இல்லாமல் நட்பும் இல்லாமல் நடுவில் நிற்பது. இந்தச் சொல்லை நான் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் விடுகிறேன். யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சங்கத்தில் சிலர் என்னை முதுகுக்குப் பின்னால் நொதுமல் சார் என்று சொல்வதாகக் கேள்வி.

இதழுக்கு மெய்ப்புத் திருத்துவது மங்கை. என் கட்டுரையில் மூன்று சந்திப்பிழை கண்டுபிடித்தாள். இரண்டை ஒப்புக்கொண்டேன்.

"கீழ பேரு எதுக்கு இத்தனை நீளமா?" என்றாள். "முனைவர் ம. தெய்வசிகாமணி, எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி. நொதுமல்னு எழுதற ஆளு அமெரிக்காவுலயே நீங்க ஒருத்தர்தான். அந்த ஒரு வார்த்தையே போதும்."

பட்டங்களை எடுக்கவில்லை.

ஜனவரி 14, புதன்

மங்கை துணி எடுக்கப் போய், "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"தொட்டா சுர்ருங்குதுங்க."

"குளிர்காலம். காத்து வறண்டு போயிருக்கு. கதவுக் கைப்பிடியத் தொட்டாக்கூட இங்க சுர்ருங்கும். நிலைமின்சாரம்."

"அது ஒரு தடவ சுர்ருங்கும். இது விடாம சுர்ருங்குது."

நிலைமின்சாரத்தின் வகைகளை விளக்கினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 16, வெள்ளி

அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கி வந்தேன். நல்ல தரம்.

ஜனவரி 18, ஞாயிறு

செருப்பு போட்டுக்கொண்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மரக்கரண்டியால் கதவைத் திறந்தால் எந்தச் சிரமமும் இல்லை என்று செய்து காட்டினேன். மங்கை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, துணி காயவைக்கறதா, பாம்பு பிடிக்கறதா?"

பிறகு ஈரத்துணியை எல்லாம் இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு, தங்கை திலகா வீட்டில் உலர்த்தி வருவதாகச் சொல்லிப் போனாள். திலகா வீடு என்றால் குபேந்திரன் வீடு. இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 21, புதன்

மறுபடி துணி. இந்தத் தடவை அங்கேயே தங்கிவிட்டாள். சாலையில் பனி அதிகமாம். எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை.

ஜனவரி 24, சனி

சங்கத்தின் பொங்கல் விழா. பள்ளிக்கூட அரங்கில் மின்சார அடுப்பில் பொங்கல் வைத்தார்கள். பனிமலர் வெளியானது. என் கட்டுரை நடுப்பக்கத்தில், சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் நடுவில்.

மங்கை திலகாவோடு வந்து திலகாவோடு உட்கார்ந்திருந்தாள். குபேந்திரன் பட்டு வேட்டி கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே மூன்று பாட்டுப் பாடினான். பிறகு என்னிடம் வந்தான்.

"படிச்சேன் சகல. நடுக்கம்பின்னு பேரு நல்லாத்தான் வச்சிருக்கீங்க. தொட்டா நடுக்கம் வருதாமே, அண்ணி சொன்னாங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூத்த மாப்பிள்ளையைச் சபையில் வைத்துக் கேலி செய்வது அவனுக்குப் புதிதில்லை.

"நிலைமின்சாரத்துக்கும் ஓட்டமின்சாரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட நான் பேசறதில்ல" என்றேன்.

"வீடியோவப் பாருங்க சகல. கால்ல வேணா விழறேன்." இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

அப்போது ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பொன்னுரங்கம் என்று பெயர். துறையூர்க்காரர், மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகன் வேலை விஷயமாக ஊரில் இல்லை.

"தம்பி, நீங்கதானா அது! பத்திரிகை மெயில்ல முன்னாடியே வந்துடுச்சு. அப்படியே உங்க கட்டுரைய வச்சிக்கிட்டு நானே மாட்டுனேன். பச்ச நடுவுல, திருகு மெதுவா. தொட்டா உடம்பு பூரா என்னா சுறுசுறுப்புங்கறீங்க! முழங்கால் வலி போன எடம் தெரியல. காலையில ரெண்டு தடவ, சாயங்காலம் ஒரு தடவ தொடுறேன்."

"தொடறீங்களா?"

"வீட்டுக்காரியும் தொடுறா. எங்க வாக்கிங் கோஷ்டியில ரெண்டு மூணு பேரு அவங்க வீட்லயும் மாட்டியிருக்காங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

என் எழுத்தைப் படித்து ஒருவர் பயனடைந்ததாகச் சொன்னது இதுவே முதல் தடவை. மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். பொங்கல் தட்டைப் பாதியில் வைத்துவிட்டேன். முந்திரி அதிகம்.

ஜனவரி 25, ஞாயிறு

என் சட்டைகள், பனியன்கள், வேட்டி எல்லாம் இஸ்திரி போட்டு அழகாக மடித்து வந்து சேர்ந்தன. குபேந்திரனின் வண்டியில், குபேந்திரனே கொண்டுவந்து கொடுத்தான். மங்கையின் துணி எதுவும் வரவில்லை. இன்னும் காயவில்லை போலிருக்கிறது. அவளுடைய சுங்குடி மட்டும் போனவாரத்திலிருந்து எங்கள் துவைக்கும் இயந்திரத்திலேயே மறந்து கிடக்கிறது. அதை மறுபடி துவைக்க வேண்டும்.

அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் சாமிபடத்தையும் தேடினேன். உலர்த்த வேண்டிய பொருள்கள் இல்லை. இருந்தாலும் எடுத்துப் போயிருக்கிறாள்.

ஜனவரி 28, புதன்

நன்றாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சுங்குடியைத் துவைத்து எடுத்து, இடது கையால் துவைக்கும் இயந்திரத்தின் மூடியை மூடிக்கொண்டே வலது கையால் டிரையரின் கதவைத் திறந்தேன். ஈரக்கை. செருப்பு போடவில்லை, அது மங்கைக்கு வாங்கியது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சேலை என் தலைமேல் இருந்தது. பற்கள் தாமாகவே எதையோ மென்றுகொண்டிருந்தன. அது நிலைமின்சாரம் இல்லை.

முதலில் தோன்றியது, இந்தக் கதவை மங்கை எத்தனை தடவை திறந்திருப்பாள் என்பது. அதை மேலே எழுத விரும்பவில்லை.

வீட்டு மின்பலகையில் டிரையருக்கான சுவிட்சை இறக்கினேன். ஒயரையும் சுவரிலிருந்து பிடுங்கினேன். டிரையரை இழுத்துப் பின்மூடியைக் கழற்றினேன். அன்றைக்குக் கவிழ்த்துப் போட்டுத் தட்டாகப் பயன்படுத்திய அதே மூடி. திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. நடு முனைக்கு நேராக, அச்சில், பெரிய எழுத்தில்: நியூட்ரல்.

இந்த நாட்டில் டிரையரின் சூட்டுக்கு ஓரத்து இரண்டு கம்பிகளும் வேண்டும். உள்ளே உருளையைச் சுழற்றும் மோட்டாருக்கும் கதவைத் திறந்தால் எரியும் விளக்குக்கும் ஓரத்தில் ஒன்றும் நடுவும் போதும்; அவற்றின் மின்சாரம் நடுக்கம்பி வழியாகத்தான் வீடு திரும்புகிறது. பழைய வீடுகளில் தனி நிலக்கம்பி கிடையாது. ஆகவே அந்தச் செப்புப் பட்டையைப் போட்டு, நொதுமலையே நிலக்கம்பியின் வேலையையும் பார்க்கவைத்தார்கள். ஒரே கம்பிக்கு இரண்டு வேலை. அது முறையல்ல என்றுதான் நான்காவதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் நொதுமலின் பாரத்தை நிலக்கம்பியின் தலையில் கட்டி, அதையும் லொடலொடவென்று விட்டு, பட்டை வழியாக டிரையரின் உடம்பு முழுக்க மின்சாரத்தைப் பூசியிருக்கிறேன்.

வெள்ளையை நடுவில் மாட்டினேன். பட்டையைக் கழற்றி எடுத்தேன். பச்சையை டிரையரின் உடம்பில் அதற்கென்றே இருந்த பச்சைத் திருகில் மாட்டினேன். எல்லாத் திருகுகளையும் நன்றாக இறுக்கினேன். ஒயர் நுழையும் இடத்தில் அதை அசையாமல் பிடிக்கும் கவ்வியையும் போட்டேன். போனதடவை அது எதற்கு என்று தெரியாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஒயரைச் செருகி, சுவிட்சை ஏற்றி, சோதனை மானியை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு புறங்கையால், பிறகு உள்ளங்கையால் தொட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் தகரம்.

குபேந்திரன் சொன்னது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவனுக்குக் காரணம் தெரியாது. வீடியோவில் பார்த்ததைச் சொன்னான்.

ஜனவரி 29, வியாழன்

மங்கைக்குப் போன் செய்தேன்.

"டிரையர் சரியாயிடுச்சு. நீ வரலாம்."

"என்ன பண்ணீங்க?"

"சின்ன மாற்றம்."

"என்ன மாற்றம்?"

"வெள்ளைய நடுவுல மாட்டினேன்."

அவள் மெய்ப்புத் திருத்துகிறவள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப திலகா வீட்டுக்காரரு சொன்னது சரி."

"அமெரிக்காவுல பேரு வச்ச விதம் குழப்பமா இருக்கு."

"ஏங்க, எனக்கு ஷாக் அடிச்சப்ப ஷாக்குன்னு கூட நீங்க சொல்லல. செருப்பு வாங்கிக் குடுத்தீங்க." குரலை உயர்த்தவில்லை. "இத்தனை வருஷமா உங்களுக்கும் அவருக்கும் நடுவுல நிக்கறேன். ரெண்டு பக்கத்து சூடும் என் மேலதான் ஏறுது. அவர் சொன்னது சரின்னு ஒரு வார்த்தை. எங்கிட்ட வேண்டாம், நாலு பேருக்குத் தெரியற மாதிரி. தப்பையும் நாலு பேருக்குத் தெரியறமாதிரிதானே எழுதினீங்க? அன்னிக்கு நான் வர்றேன்."

பின்னணியில் குபேந்திரன் பாடிக்கொண்டிருந்தான். வைத்துவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

விடுப்பு எடுத்துக்கொண்டு பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனேன். நேராகப் போய் மின்பலகையில் சுவிட்சை இறக்கினேன். அவர் மனைவி, "அய்யோ, சாயங்கால வேளை இன்னும் தொடல" என்றார்.

அவர் கட்டுரையை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். "பச்ச நடுவுலன்னு போட்டிருக்கே?"

"அது பழைய முறை. இது மேம்படுத்தப்பட்ட முறை." வேறு என்ன சொல்வது? எல்லாவற்றையும் மாற்றி முடித்தேன்.

தொட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "செத்துப் போச்சே தம்பி."

"இப்படித்தான் இருக்கணும். உங்க வாக்கிங் கோஷ்டியில மாட்டினவங்க யாரு யாரு? வீடு எங்க?"

"வீடெல்லாம் யாருக்குத் தெரியும்? ஒருத்தர் சேலத்துக்காரரு. இன்னொருத்தர் தொப்பி போட்டிருப்பாரு. பனி நின்னாத்தான் மறுபடி நடக்க வருவாங்க."

"பாத்தீங்கன்னா, உடனே கழட்டச் சொல்லுங்க."

"நான் சொன்னா கேப்பாங்களா? அச்சுல வந்ததத்தான் நம்புவாங்க. அச்சுல போடுங்க."

அவர் மனைவி காபி கொடுத்தார். குடிக்கும்போது நான் தோளை நீவிக்கொண்டதைப் பார்த்து, அந்தக் கட்டுரைப்படி மாட்டினால் இதற்கும் குணம் தெரியும் என்றார்.

ஜனவரி 31, சனி

திருத்தக் குறிப்பு எழுதிவிட்டேன். மின்னஞ்சலில் அனுப்பினால் பெயர் தெரியும். ஆகவே தாளில் அச்சடித்து, சங்கச் செயலாளர் முகவரிக்குத் தபாலில். அடுத்த இதழ் வரை காத்திருக்காமல் உடனே எல்லா உறுப்பினருக்கும் அனுப்புமாறு மேலே சிவப்பில் போட்டிருக்கிறேன். சேலத்துக்காரரே, தொப்பி போட்டவரே, டிரையரைத் தொடாதீர்கள், மின்பலகையில் சுவிட்சை இறக்குங்கள் என்று தொடங்குகிறது. வெள்ளை நடுவில், பச்சை உடம்பில், பட்டையைக் கழற்றுக, திருகுகளை இறுக்குக, சந்தேகம் இருந்தால் தொழில் தெரிந்தவரை அழைக்க. எல்லாம் இருக்கிறது.

யார் எழுதியது என்று தெரியக் கூடாது என்பதற்காக முதலில் நியூட்ரல், எர்த் என்றே எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. பெயர் இல்லாத எழுத்து என்றாலும் தமிழ் தமிழாக இருக்க வேண்டும் அல்லவா? எல்லா இடத்திலும் நொதுமல், நிலக்கம்பி என்று மாற்றினேன். தலைப்பு: 'நடுவில் நிற்பது நொதுமலே'. சொல்லின் வேர் பற்றி ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தேன்.

கடைசி வரிக்குத்தான் அரை நாள் ஆயிற்று. 'நம்மிடையே உள்ள ஒரு வீட்டுத் தரகர் இதை முன்பே சரியாகச் சொல்லியிருந்தார் என்று அறிகிறோம்.' எழுதினேன், அடித்தேன், எழுதினேன். சுவரில் மாமனாரின் அறுபதாம் கல்யாணப் படம் கண்ணில் பட்டது. அடித்தேன். சாமிபடம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. எழுதினேன். அறிகிறோம் என்று பன்மையில் போட்டிருப்பதால் நான் சொன்னதாக ஆகாது.

சுங்குடியை மட்டும் டிரையரில் போட்டு ஓட்டினேன். சூட்டோடு எடுத்து மடித்து, கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் வைத்திருக்கிறேன். மடிப்பு சரியாக வரவில்லை.

குறிப்பு மெய்ப்புக்கு மங்கையிடம்தான் போகும். சந்தி ஒன்றிரண்டு இடத்தில் சந்தேகமாக இருக்கிறது. அவள் பார்த்துக்கொள்வாள். யார் எழுதியது என்று அவளுக்குக்கூடத் தெரியப்போவதில்லை.

உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கீழே பட்டங்களும் இல்லை, பெயரும் இல்லை. இப்படியே தபாலில் போடப்போகிறேன்.